மூடினால் யாரோ திட்டுகிறார்கள்

புன்டா அரேனாஸில் இரவு ஒன்றரை.
கடன் கொடுத்தவன் மாதிரி
ஜன்னலைத் தட்டுகிறது காற்று.
இருநூற்றுப் பதினான்கு ரூட்டர்கள்,
நாலாயிரத்துச் சொச்சம் இடைமுகங்கள்.
இன்றுவரை எல்லாமே
கையால் அடித்த பெயர்கள்.

பர்ரியா வைத்தவற்றில் எழுத்துப்பிழை இருக்கும்.
ஒயார்சுன் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதுவான்,
போர்ட்டோடு சண்டை போடுகிறவனைப் போல.
நான் வைத்தவற்றில் ஆறுக்குப் பெயர் ‘தற்காலிகம்’.
அவற்றில் மூத்ததற்கு இப்போது ஒன்பது வயது.

மாஸ்க்கில் இருபத்து நாலுக்குப் பதில்
இருபத்தைந்து என்று அடித்து
போர்வெனீரில் பாதி ஊரை
ஒரு மதியம் முழுக்க ஊமையாக்கியது நான்தான்.
அதற்காகத்தான் இந்த ஸ்கிரிப்ட்.
கை தவறும், அச்சு தவறாது.
அச்சே கோணினால்
அத்தனை செங்கல்லும் கோணும் என்பதை
அப்போது யோசிக்கவில்லை.

மூன்று வாரம் உட்கார்ந்து அட்டவணை நிரப்பினேன்.
எந்த ஊர், எந்தப் பெட்டி, எத்தனையாவது துளை,
என்ன முகவரி, யாருக்குச் சொந்தம்.
சொந்தக்காரர் இல்லாத துளையை மூடு
என்று கடைசியில் ஒரு வரி.
எழுதும்போது நல்ல வரியாகத்தான் தெரிந்தது.

முதலில் ஒத்திகை.
போவது சிவப்பில், வருவது பச்சையில்.
பர்ரியாவின் பிழைகள் வரிசையாகப் போயின.
ஒயார்சுனின் கூச்சல் போனது.
பிறகு பாஹியா அசுல், ஏழாம் போர்ட்,
சிவப்பில்:
‘இது என்னவென்று தெரியவில்லை.
மூடினால் யாரோ திட்டுகிறார்கள்.’
பச்சையில்:
‘பயன்பாட்டில் இல்லை.’

தூங்கி வழிந்த ஸ்லாட்கோவை எழுப்பிக் காட்டினேன்.
யார் திட்டுவார்களாம்?
அதை எழுதலையே.
சிரித்தோம்.
எண்டர்.

பதினோரு நிமிடம்.
நாலாயிரமும் ஒரே கையெழுத்து.

ஆறேமுக்காலுக்கு,
கோட்டில் ஒரு கையை நுழைத்திருந்தபோது போன்.
பெயர் சொல்லாத பெண் குரல்.
‘உங்க கணக்குப்படி இங்கே காற்று பூஜ்யம்.
நான் ஒரு கையால போனையும்
ஒரு கையால கதவையும் பிடிச்சுட்டு நிக்கறேன்.
பதினேழு லாரி காத்திருக்கு.
பர்ரியாவைக் கூப்பிடு.’
பர்ரியா வேலையை விட்டு நாலு வருடம் என்றேன்.
பிறகு திட்டினாள்.
சிவப்பு வரி
எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது.

படகுத்துறைக் கம்பத்தின் உச்சியில்
மூன்று கிண்ணம் சுற்றும் கருவி ஒன்று.
யார் மாட்டினார்கள், எந்த வருடம், எந்த ரசீது,
எந்தப் பட்டியலிலும் இல்லை.
அது சொல்லும் எண்ணைப் பார்த்துத்தான்
ஜலசந்தியைத் தாண்டலாமா என்று
கேப்டன் தீர்மானிக்கிறாராம்.
இடைமுகம் என்கிறோம்.
இந்தப் பக்கம் நாங்கள்.
அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க
அட்டவணையில் கட்டம் இல்லை.

கையாலேயே திறந்தேன், இரண்டே வார்த்தை.
எழுபத்தெட்டு.
எண்பத்து மூன்று.
‘இப்போ சரி’ என்றாள்.
‘இப்பவும் படகு போகாது.
ஆனா இப்போ சரி.’

கையால் திறந்தது நிலைக்காது.
இன்றிரவு ஒன்றரைக்கு ஸ்கிரிப்ட் வரும்,
மூடிவிட்டுப் போகும்.
அதற்குக் கோபமில்லை, ஞாபகமுமில்லை,
அட்டவணை மட்டும்தான்.
கோட்டைக் கழற்றிவிட்டு அதைத் திறந்தேன்.
சொந்தக்காரர் கட்டம் காலியாக இருந்தால்
ஏற்காது, அப்படி எழுதியதும் நான்தான்.
காற்று
என்று அடித்தேன்.
ஏற்றுக்கொண்டது.

குறிப்பில் பர்ரியாவின் வரியை ஒட்டினேன்,
பிழை திருத்தாமல்.

தொடர்பு எண் கட்டம் காலியா இருக்கே
என்றான் ஸ்லாட்கோ.
இருக்கட்டும்.
மூடினால் அவளே கூப்பிடுவாள்.