கயிறு கட்டும் மாதம்

அக்டோபர் வந்தால் புந்தா அரேனாசில்
நகராட்சி ஆட்கள் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
காற்று ஆளைத் தூக்கும் ஊர் இது.
கம்பத்துக்குக் கம்பம் இழுத்த கயிற்றைப் பிடித்தபடி
வக்கீலும் மீன்காரியும்
ஒரே மாதிரி குனிந்து நடப்பார்கள்.

எனக்கும் யெர்காவுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்.
அந்தப் பக்கம் அவள் கணக்கு, இந்தப் பக்கம் என் வரலாறு.
பதினான்கு வருஷமாக
என் போர்களுக்குள் அவள் பின்னங்கள் கேட்கும்.
'முதலில் பகுதியைப் பொதுவாக்குங்கள், பிறகு கூட்டுங்கள்':
நான் தூக்கத்திலும் இதைச் சொல்கிறேன் என்கிறாள் என் மனைவி.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஐந்தாம் பாடவேளையில்
சுவர் பேசவில்லை.

பிள்ளைகளின் இரைச்சல் இருந்தது.
நாற்காலி இழுபடும் ஓசை இருந்தது.
அவள் மட்டும் இல்லை.
நான் என்ன செய்தேன்?
சுண்ணக்கட்டியை எடுத்து
ஓர் உடன்படிக்கையின் தேதியை எழுதினேன்.
அதைத்தான் செய்தேன்.

வாயிற்காவலர் எவரிஸ்தோ சொன்னார்:
"காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறார் டீச்சர்.
முதலில் ஐந்து நிமிஷம். இப்போது இருபது.
கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிந்துவிடுகிறது.
போய்த் தட்டலாமா, கூடாதா?"
எனக்கும் தெரியவில்லை.

அந்த வாரம்தான் எங்களுக்கு நலவாழ்வுப் பயிற்சி.
வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.
திருத்தாத தாள்கள் மடியில் கனக்க,
சான்டியாகோவிலிருந்து வந்த இளைஞர்
கண்ணை மூடச் சொன்னார்.
இழுங்கள். விடுங்கள்.
பிசைவதற்கு ஆளுக்கொரு ரப்பர் பந்து.
வந்ததற்கு அத்தாட்சியாக மூன்று இடத்தில் கையெழுத்து.
யெர்கா எல்லோரையும்விட நன்றாக மூச்சு விட்டாள்.
பந்தைப் பையில் போட்டுக்கொண்டு
நாற்பத்திரண்டு தாள்களோடு வீட்டுக்குப் போனாள்.

அவர்மேல் குறையில்லை, நல்ல பையன்.
திரும்பிப் போகும்போது
அவர் தொப்பியைக் காற்று கொண்டுபோயிற்றாம்.

கயிறு கட்டுகிறவர்களை நான் நின்று பார்த்திருக்கிறேன்.
போகிற வருகிறவர்களிடம்
மனதைத் திடப்படுத்திக்கொள் என்று அவர்கள் சொல்வதில்லை.
முடிச்சுப் போடுகிறார்கள்.
தொங்கிப் பார்க்கிறார்கள்.
அடுத்த கம்பத்துக்குப் போகிறார்கள்.

திங்கட்கிழமை தலைமையாசிரியை ஓரியானாவின் அறைக்குப் போனேன்.
சொல்ல வந்ததை விட்டுவிட்டு
உடைந்த ஜன்னலைப் பற்றிக் கொஞ்சம் பேசினேன்.
பிறகு சொன்னேன்.
ஒரே வகுப்பில் நாற்பத்திரண்டு பேர்,
நாளுக்கு ஆறு படிவங்கள்,
இரவு பத்து மணிக்குப் பெற்றோரின் குரல்செய்திகள்.
வியாழனில் இரண்டு வேளை நான் எடுக்கிறேன்,
பின்னம் எனக்கு மனப்பாடம்.

ஓரியானா நெடுநேரம் பேனா மூடியைத் திருகினார்.
"என் இழுப்பறையிலும் ஒரு பந்து இருக்கிறது" என்றார்.
அப்புறம் ஆறு படிவங்களில் நான்கை அடித்தார்.
ஐந்தாவதை அடிக்க அமைச்சகத்துக்கு எழுதவேண்டும்.
எழுதினார். பதில் வரவில்லை.
ஏழு மணிக்கு மேல் எந்த ஆசிரியருக்கும்
செய்தி அனுப்பக்கூடாது என்று கதவில் ஒட்டினார்.
இரண்டு தகப்பன்மார் சண்டைக்கு வந்தார்கள்.
எவரிஸ்தோ மாத்தே ஊற்றிக் கொடுத்து உட்காரவைத்தார்.

யெர்கா மூன்று வாரம் விடுப்பில் போனாள்.
மருத்துவர் சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று
யாரும் கேட்கவில்லை.
கேட்காமல் இருப்பதற்கு
நாங்கள் நிறையப் பாடுபட வேண்டியிருந்தது.
அவள் வகுப்பில் நான் தசமப் புள்ளியைத் தப்பாக வைத்தேன்;
மைத்தேன் என்ற சிறுமி
எழுந்துவந்து இரக்கத்தோடு நகர்த்தினாள்.

குணமாகித் திரும்பினாள் என்று எழுத ஆசைதான்.
இன்றும் காரில் உட்காருகிறாள், ஏழு நிமிஷம்.
எவரிஸ்தோ கண்ணாடியைத் தட்டுவதில்லை,
மாத்தே குவளையோடு பக்கத்து இருக்கையில் ஏறிக்கொள்கிறார்.
இருவரும் பேசிக்கொள்வதாகத் தெரியவில்லை.

நேற்று மறுபடி சுவர் நின்றுபோயிற்று.
பாதி வாக்கியத்தில் என் ராஜாவை விட்டுவிட்டு
அவள் கதவைத் திறந்தேன்.
தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.
"என்ன?" என்றாள்.
"சுண்ணக்கட்டி இருக்கிறதா?" என்றேன்.

என் கையில் ஒன்று இருந்தது.
அதைப் பார்த்தாள்.
பெட்டியைத் துழாவி
இன்னொன்று எடுத்துக் கொடுத்தாள்.