இடது பின்கதவு

களஞ்சியம் கதவின் தோலை உரிக்கிறான்.
கிளிப்புகள் ஒவ்வொன்றாய் டப்பென்று விடுகின்றன.
உச்சிப்புளி, ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்.
கருவ மரத்து நிழல் வண்டிமேல் பாதிதான் விழுகிறது.

"சாத்தும்போது உள்ள தண்ணி குலுங்குமே, கேக்கலியா?"
கேட்டது.
இளநீரை ஆட்டிப் பார்க்கிற சத்தம்.
டீசல் அடிக்கிற காசைத் தவிர
வேறெதற்கும் காது கொடுக்காத மாதம் அது.

கதவுக்கு அடியில் துளைகள் உண்டாம்,
கண்ணாடியோடு வழிந்து இறங்கும் மழை
அப்படியே வெளியேற.
என் கதவில் எல்லாவற்றையும் மணல் அடைத்திருக்கிறது.
திருப்புளியால் குத்துகிறான்.
துருத்தண்ணீர் பீய்ச்சி அவன் கைலியை நனைக்கிறது.
நக்கிப் பார்க்காமலே சொல்கிறான்: பாம்பன் தண்ணி.

உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை.
உள்ளங்கை அகல மோட்டார்,
அதன் தண்டில் புழு நெளிந்த மாதிரி ஒரு பல்,
அது தள்ளுகிற சக்கரம், ஒரு உருளை, ஒரு கம்பிவடம்.
விசைப்படகில் வலை ஏற்றுகிற விஞ்சைப்
பொம்மையாய்ச் செய்து மடித்து வைத்ததுபோல.
வடம் ஒரு பக்கம் சுருள, மறுபக்கம் அவிழ,
கவ்விய கண்ணாடி ஏறும்.
இறங்கத் தனி வழி கிடையாது.
அதே இரண்டு ஒயர்தான்;
கரண்டு எந்த ஒயரில் நுழைகிறது என்பதுதான் கணக்கு.

"மோட்டாரு கண்ணாடிய அசைக்கும்.
கண்ணாடி மோட்டார அசைக்காது."
மேலிருந்து அமுக்கிக் காட்டுகிறான்.
"இல்லன்னா ரோட்டுக் குழிக்கெல்லாம் விழுந்துகிட்டே வரும்."
பிறகு கேட்டான்: எங்க வச்சு நின்னுச்சு?

நேற்று. சூரியன் இன்னும் வரவில்லை.
தங்கச்சிமடத்தில் ஏறினார்கள், மதுரை ஏர்போர்ட்டுக்கு.
மெர்வின் முன்சீட்டில்.
ஜெனிட்டா பின்னால்,
பாஸ்போர்ட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு.
போகிறவள் அவள் மட்டும்.
குவைத்தில் யார் வீட்டுக்கோ, இரண்டு வருஷம்.

பாலம் ஏறியதும் இடது பின்கண்ணாடி இறங்கியது.
தென்கடல் பக்கமிருந்து கச்சான்
வண்டிக்குள் வந்து எல்லோர் முகத்தையும் அறைந்தது.
"ஏசி ஓடுதுல்ல, ஏத்துங்கண்ணே,"
மெர்வின் திரும்பாமல் சொன்னான்.
என் பக்கப் பொத்தானை மேலே இழுத்தேன்.
அவள் விரல் அவள் பொத்தானைக் கீழே அமுக்கியபடி.
கண்ணாடி பாதியில் நின்றது.
நான் விடவில்லை. அவளும் விடவில்லை.
வாடகை கொடுக்கிறவன் முன்னால் இருக்கிறான்,
அவ்வளவுதான் என் நியாயம்.
பாலம் முழுக்க இப்படியே.
மண்டபம் இறக்கத்தில் அவள் எடுத்துக்கொண்டாள் விரலை.
கண்ணாடி கொஞ்சம் ஏறியது,
எதையோ கடித்து, முனகி, செத்தது.

களஞ்சியம் டெஸ்ட் லைட்டை வைக்கிறான்,
என்னை ஒரு பொத்தானை இழுக்கச் சொல்லி,
மற்றதை அவனே அமுக்கி.
இந்த முனையில் பன்னிரண்டு வோல்ட்.
அந்த முனையிலும் பன்னிரண்டு.
"ரெண்டு பக்கமும் ஒரே அளவு தள்ளுனா
கரண்டு எங்கிட்டுப் போகும்?
பாலத்துல அது கெட்டுப்போகல, நம்பு."
நம்பு என்பது என் பெயர்.
அவன் பெயரைத்தான் சொன்னான்.

பிறகு இடுக்கியை விட்டு
உருளைக்கும் வடத்துக்கும் நடுவிலிருந்து
ஒன்றை உருவினான்.
பீரோச் சாவி.
கழுத்தில் பச்சை நூல்.
உப்பில் வெடித்த ரப்பர் இடுக்கில் விழுந்திருக்கிறது.

கண்ணாடியில் பார்த்தது இப்போதுதான் புரிகிறது:
பாதித் திறப்பில் வெளியே நீண்ட கை,
காற்று மணிக்கட்டைத் திருப்பியது.
கடலுக்குக் குறிவைத்தது கதவுக்குள் போயிருக்கிறது.
முழுசாய் இறங்கியிருந்தால் போய்ச் சேர்ந்திருக்கும்.

மோட்டாரைத் துடைத்து, கிரீஸ் வைத்து,
ஃபியூஸ் மாற்றி, அறுநூறு வாங்கினான்.
சாவியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மண்டபம் தாண்டும்போது போன்.
"அண்ணே, மெர்வின். வண்டியில ஒரு சாவி..."
"கதவு பூரா பிரிச்சுப் பாத்தாச்சு தம்பி.
மணல்தான் இருந்துச்சு."

பாலத்தில் ஏறினேன். திரும்பும்போது
தென்கடல் என் பக்கம்.
பொத்தானைத் தொட்டேன்.
கண்ணாடி, எதிர்க்க ஒரு விரலும் இல்லாமல்,
அடிவரைக்கும் இறங்கியது.