பதினாலு

மூடைக்குள் முழங்கை வரை கையை விட்டு
நாலு மணி எடுத்துக் கடிப்பார் இஸ்ஸதீன்.
பல்லில் கேட்கிற சத்தம்தான் விலை.
'ஈரம், தங்கச்சி.'
மூடைக்கு மூன்று கிலோ கழியும்.
மறுத்துச் சொல்ல என்னிடமும் பல் இருந்தது.
லொறி இருந்தது அவர் பல்லுக்குத்தான்.

கந்தளாய்க் குளத்துத் தண்ணீர்
எல்லார் வயலும் குடித்து முடித்து
களைத்து வந்து சேர்கிற இடம்
தம்பலகாமத்தில் எங்கள் ஒன்பது துண்டு.
மேல்வாய்க்காலில் பயிர் விரல் உயரம் நிற்கும்போது
நாங்கள் விதைநெல் ஊறப்போடுவோம்.
அவர்கள் விற்று முடித்த பிறகு
விலை இறங்கிக் கிடக்கிற சந்தைக்கு
எங்கள் மூடைகள் போகும்.

மாதம் ஐநூறு, பதினொரு மாதம்.
கொப்பியில் பெயர் எழுதியது நான்.
இரண்டு மாதம் தவநிதி முட்டையாய்க் கொடுத்தாள்,
முட்டையைக் காசாக எழுத
நாலு பேர் கூடிப் பேசவேண்டி வந்தது.
பிலோமினாவின் மகன் குருநாகலிலிருந்து
பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல்
கொண்டு வந்தான் அந்தக் கருவியை:
பால்மா டின் அளவு, கறுப்பு,
ஒரு பிடி நெல் போட்டால்
ஈரத்தை எண்ணாகச் சொல்லும்.

போட்டோம்.
பதினேழு தசம் நாலு.
துடைத்துவிட்டு மறுபடி போட்டோம்.
பதினேழு தசம் ஆறு.

யாரும் பேசவில்லை.
'ஐம்பதினாயிரம் கொடுத்து
அந்த மனிசன்ட பல்லை வாங்கியிருக்கிறோம்'
என்று றஹ்மா சொன்னதும்தான்
சிரிப்பு வந்தது,
சிலருக்கு அழுகையும்.

அம்பாறையிலிருந்து வருகிற வெட்டு மெசின்
எங்களுக்காக வெயில் பார்த்து நிற்காது.
விடியப் பனியோடு வெட்டிக் கொட்டிவிட்டு
அடுத்த வயலுக்கு ஓடும்.
பதினாலுக்கு இறங்க ஒன்றரை நாள் வெயில் வேண்டும்.
வெயில் இருந்தது.
தார் றோட்டில் பாதி இருந்தது,
கல் அடுக்கி மறித்துக்கொண்டோம்.
இல்லாதது ஒன்றரை நாள்.

குலேந்திரன் படலையில் உழவுக்காரன் நின்றான்.
தவநிதியின் தோடு ஈட்டில் கிடந்தது,
தவணை வெள்ளிக்கிழமை.
நெல் காயும், வட்டி காயாது.

கொப்பியை விரித்தோம்.
கருவி வாங்கி மிஞ்சியது சில்லறை.
காத்திருக்கக் கூடியவர்கள்
காத்திருக்க முடியாதவர்களுக்குக் கொடுத்தார்கள்,
முகம் சுளித்துத்தான் கொடுத்தார்கள்.
றஹ்மா பள்ளிக்கூடச் சீட்டுக் காசை எடுத்தாள்.
அதையும் எழுதினேன்.

இரண்டு பகல் றோட்டில் காலால் கிண்டினோம்.
பஸ்காரர் ஹோர்ன் அடித்தே வைதார்.
மூடைக்கு இரண்டரைக் கிலோவை
வெயில் தின்றது.
'அவர் தின்றதும் இவ்வளவுதானே?' என்றான் குலேந்திரன்.
கணக்குப் பார்த்தால் சரிதான்.
ஆனால் காய்ந்த நெல்லுக்குக்
கிலோவுக்கு ஒன்பது ரூபா கூட.
அந்த ஒன்பதை
இதுவரை யாருடைய வெயில் தின்றது
என்று ஒருவரும் கேட்டதில்லை.

இஸ்ஸதீன் வந்தார்.
கையை விட்டார், கடித்தார்.
நான் கருவியை நீட்டினேன்.
பதினாலு தசம் ஒன்று.
வெகுநேரம் பார்த்தார்.
'சாக்குக்கு அரைக் கிலோ கழிப்பன்' என்றார்.
சாக்குக்குக் கழிக்கட்டும்.

நாலாம் நாள் போன் எடுத்தார்:
பொலநறுவையில் ஒருத்தன்
ஈரநெல்லை அவர் தலையில் கட்டிவிட்டானாம்,
அந்தச் சாமானை ஒரு கிழமைக்குத் தர ஏலுமா?
நாள் வாடகை முந்நூறு என்றேன்.
கொப்பியில் புதுப் பக்கம் தொடங்கியது.

ஆனால் தண்ணீர் இன்னும்
வாய்ப்பேச்சில்தான் ஓடுகிறது.
'திறந்துதான் விட்டோம்' என்கிறார்கள் மேலே.
'வந்து சேரவில்லை' என்கிறோம் கீழே.
சிறுபோகக் கூட்டத்துக்கு முன்
கிளைவாய்க்கால் கதவடியில்
அங்குலக் கோடு போட்ட கம்பு ஒன்று நட்டோம்,
சிவப்பும் வெள்ளையுமாய்.

இரண்டு தரம் பிடுங்கி எறிந்துவிட்டார்கள்.
மூன்றாவதை
இரும்பில் அடிக்கக் கொடுத்திருக்கிறது.