இருபத்து மூன்றாம் சோடி

மதுரையிலிருந்து ரிப்போர்ட்
கைப்பேசியில் வந்து விழுந்தபோது
பேருந்து கல்லல் தாண்டியிருந்தது.
சன்னல் வெயிலுக்கு முந்தானையால் மறைத்து
விரலால் விரித்துப் பெரிதாக்கினேன்.

இதை எங்கோ பார்த்திருக்கிறேன்.

நான்கு அக்காக்களின் கல்யாணத்திலும்
வளவில் சாமான் பரப்பியது இப்படித்தான்.
முதலில் பெரிய அண்டா இரண்டு,
அப்புறம் தவலை, போணி, சட்டி, செம்பு,
இறங்கி இறங்கிக்
குங்குமச் சிமிழ் வரைக்கும்.
எல்லாம் இரண்டிரண்டு.
எண்ணிப் பார்க்க என்னைத்தான் விடுவாள் ஆத்தா,
நான் கணக்குத் தப்பமாட்டேன் என்று.

இருபத்திரண்டு சோடி சரி.
கடைசியில்
ஒன்று உயரம்.
பக்கத்தில், அவசரத்தில் யாரோ
மாற்றி வைத்துவிட்டுப் போனதுபோல்
ஒன்று குட்டை.

எக்ஸ். ஒய்.

பத்தொன்பது வயதாகியும்
நான் பெரிய மனுசியாகவில்லை.
உளுந்தங்களி, எள்ளுருண்டை, ஒன்பது கோயில்
எல்லாம் முடிந்து
நூறடி ரோட்டு ஸ்கேனில்
கருப்பை இருக்கவேண்டிய இடத்தில்
ஒன்றுமில்லை என்றார் டாக்டர் பிரிசில்லா.
ஒன்றுமில்லை என்பதை
அத்தனை மெதுவாகச் சொல்ல
அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்று போனிலும் அதே குரல்.
"ஒய் தன் வேலையைச் செய்திருக்கு, தேனம்மை.
ஏழாவது வாரத்திலேயே விரை உண்டாகி
உள்ளேயே தங்கிடுச்சு.
கருப்பை வளரவேண்டாம்னு
அது அனுப்பின சேதி போய்ச் சேர்ந்தது.
ஆணாகச் சொல்லி அனுப்பின சுரப்பை மட்டும்
வாங்கிக்க உன் உடம்பில் ஏற்பி இல்லை.
வாங்காத உடம்பு
பெண்ணாகவே வளர்ந்தது."

சாவி சரி, பூட்டுத்தான் வேறு
என்று எழுதிக்கொண்டேன்
டிக்கெட்டின் பின்புறம்.

"அந்த ஏற்பிக்கான மரபணு
எக்ஸில் இருக்கு. எக்ஸ்,
அம்மா கொடுத்தது."

நாட்டரசன்கோட்டையில் இறங்கி
வெயிலில் நின்றேன் கொஞ்ச நேரம்.

வரிசையாய்ப் பொட்டை பெற்றவள் என்று
ஆத்தாவைத்தான் சொன்னார்கள்.
எக்ஸைத் தவிர அவளிடம்
கொடுக்க என்ன இருந்தது?
சீட்டெல்லாம் அப்பச்சி குடத்தில்.

தை பிறந்தால் செவ்வாய்ப் பொங்கல்.
வெள்ளிக் குடத்தில் புள்ளிகளின் பேரைப் போட்டுக்
குலுக்கி எடுப்பார்கள் முதல் பானைக்கு.
கல்யாணமாகிப் புள்ளியான நாளாய்
முப்பத்தெட்டு வருசம்
அப்பச்சி பேர் வந்ததில்லை.
ஆனால் அவர் வேண்டிக்கொண்ட இன்னொரு சீட்டு
ஐந்தாவது குலுக்கலில் விழுந்திருக்கிறது,
ஒருத்தருக்கும் தெரியாமல்.
நான்தான் அதற்குக்
காது குத்தி, சடை பின்னி,
கல்லூரிக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

"ஒரு தடவை அனுப்பியிருக்கீங்க, அப்பச்சி."

"எதை?"

காட்டினேன்.
முப்பது வருசம் அரிசி மில்லில் கணக்கெழுதியவர்
கண்ணாடியைத் துடைத்துப் போட்டு,
பென்சில் முனை திரையில் படாமல்
சோடி சோடியாய் எண்ணினார்.
கடைசிச் சோடியில் பென்சில் நின்றது.
திரும்ப முதலிலிருந்து எண்ணினார்.

"நாப்பத்தாறு. கணக்குச் சரியாத்தான இருக்கு?"

"சரியாத்தான் இருக்கு."

"அப்ப நீ"

அதற்குமேல் அவருக்குச் சொல் வரவில்லை.
எனக்கும்தான்.
இந்தத் தெருவில் அதற்குக் கிடைக்கும் சொல்லெல்லாம்
யாரோ யார்மேலோ எறிந்தவை.
குனிந்து பொறுக்க மனசில்லை.
தேனம்மை என்ற பேர் இருக்கிறது,
இப்போதைக்கு அது போதும்.

இரண்டாங்கட்டிலிருந்து ஆத்தா வந்தாள்,
கையில் மாவோடு.
"என்ன சொன்னாக?"

"அஞ்சும் அப்பச்சி கையில இருந்துருக்கு ஆத்தா,
உன் கையில ஒண்ணுமே இல்ல,"
என்றேன்.
அவள் அப்பச்சியைப் பார்த்தாள்.
அவர் பென்சிலைப் பார்த்தார்.

ஏற்பியைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.
முப்பது வருசப் பழி
இப்போதுதான் இறங்கியிருக்கிறது.
ராத்திரிச் சாப்பாட்டுக்குள்
இன்னொன்றை ஏற்றுவானேன்.