பதினொரு நிமிடம் மூத்தவள்

சீருடைக்காரர் மூவர் பள்ளிக்கு வந்து பேசிய வெள்ளிக்கிழமை
மண்டபத்தில் ஆளுக்கொரு பேனா, ஒரு தண்ணீர்க் குப்பி.
திரையில் கறுப்பு வெள்ளைக் கட்டம்.
கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தால் போதும்:
பெயர், எண், அப்பாவின் எண்,
வகுப்பு, பிடித்த பாடம்.
பேனா நன்றாயிருந்தது.
தூக்கிப் பிடித்தேன்.

அதற்குப் பிறகு மூன்று அழைப்புகள்.
"மிஸ் எலாவெனில்?"
இளவேனில், என்றேன் முதல் முறை.
அடுத்த முறை திருத்தவில்லை.
பெண்களுக்கும் இப்போது நிறைய வாய்ப்பாம்,
படிப்புச் செலவு முழுக்க அவர்களுடையதாம்.
யோசிக்கிறேன் என்றால்
அதையும் எங்கோ பதிந்துகொள்ளும்
விசைப்பலகைச் சத்தம்.

இளமாறனை யாரும் அழைக்கவில்லை.
அவனுக்குக் கடிதம் வந்தது.
ஒரே வயிறு, ஒரே இரவு,
பதினொரு நிமிடம் பிந்தி வந்தவன்.
என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.
அவனைக் கேட்கவே இல்லை.

செவ்வாய் மாலை, யீஷூன், ஒன்பதாம் மாடி.
சமையல் மேசையில் மடிக்கணினி.
எதிரே அம்மா பயற்றங்காய் ஒடிக்கிறாள்.
படைக்குப் போகுமுன் உடம்பைப் பற்றிச்
சொல்லவேண்டியதெல்லாம் சொல்லும் படிவம்.
பதினெட்டு ஆகவில்லை, அம்மாவும் பார்க்கவேண்டும்.

ஆஸ்துமா? இல்லை.
வலிப்பு? இல்லை.
எலும்பு முறிவு? இடது மணிக்கட்டு, தொடக்கநிலை நான்கு.
எப்படி?
அக்கா தள்ளிவிட்டாள், என்று தட்டினான்.
அம்மா நிமிர்ந்தாள்.
"வழுக்கி விழுந்தான்னுதானே சொன்னே?"
ஏழு வருடப் பொய், ஒரே வரியில் அவுட்.

அடுத்த கேள்விக்கு
அவன் விரல் நின்றுவிட்டது.
ஆலோசகர் யாரையாவது சந்தித்ததுண்டா,
உண்டெனில் எப்போது, எதற்காக.

இரண்டாம் மாடி, நகல் இயந்திரத்துக்குப் பக்கத்து அறை.
மிஸ் குவெக்கின் மீன்தொட்டி.
இங்கே சொல்வது இங்கேயே இருக்கும் என்றாராம்,
சில விதிவிலக்குகளையும் சொன்னாராம்.
ஐந்து வியாழக்கிழமை அவன் உள்ளே இருந்தான்.
நான் வெளிப் பெஞ்சில், அவன் பையை மடியில் வைத்துக்கொண்டு.
துணைப்பாட வகுப்பு என்று
வீட்டில் சொன்னதும் நான்தான்.
எதற்காகப் போனான் என்று தெரியும்.
உங்களிடம் சொல்லமாட்டேன்.

"என்னடா யோசனை?"
"நெட் ஸ்லோம்மா."
ஸ்லோ இல்லை.
அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு
அவன் பக்கமாக வருகிறாள்.

அப்போதுதான் என் கைப்பேசி அதிர்ந்தது,
அதே எண், நான்காம் முறை.
வாழ்க்கையில் முதன்முறையாக
அந்த எண்ணைப் பார்த்து மகிழ்ந்தேன்.
"அம்மா, ராணுவத்திலேர்ந்து. உன்கிட்டதான் பேசணுமாம்."
"என்கிட்டயா?"
"இங்கே சிக்னல் இல்ல, வெளியே வா."

நடைபாதையில், எதிர்வீட்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே
அம்மா பேசினாள், பேசினாள்.
சம்பளம் எவ்வளவு, சாப்பாடு எப்படி,
பெண்பிள்ளைகளுக்குத் தனிக் குளியலறை உண்டா.
நான் முதுகைக் கதவுக்குக் கொடுத்து நின்றேன்.
கம்பிக் கதவின் இடுக்கில் பார்த்திருக்கலாம்.
பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது திரையில்
நன்றி, உங்கள் பதில்கள் பெறப்பட்டன.
யார் பெற்றார்கள் என்று அதில் இல்லை.
எதில் குறியிட்டான் என்று நான் கேட்கவில்லை,
இன்றுவரை.

"அந்தத் தம்பி நல்லாத்தான் பேசுறான்" என்றாள் அம்மா.
"உன் பேரைத்தான் கொல்றான்."
இளமாறன் சிரிக்கவில்லை.
என் பேனாவை எடுத்து
டிக், டிக் என்று
முள்ளை வெளியே விட்டு, உள்ளே இழுத்து,
வெளியே விட்டு.
மீதிப் பயற்றங்காயை நான் ஒடித்தேன்.