விரிப்பை மடிக்க இருவர் வேண்டும்

காஸ்தெயோனில், கடலுக்கு முதுகு காட்டி நிற்கும்
விடுதிச் சலவைக்கூடத்தில்
வியோரிகாவின் முதல் நாள்.
நாற்பது அறைகளின் விரிப்புகள்
இன்னும் சூடு ஆறாமல்.

இரண்டு முனைகளை அவள் கையில் திணித்து
என்கார்னா சொன்னாள்: பிளெகா.
வலென்சிய மொழியில், மடி.
வியோரிகாவின் காதில் விழுந்தது: பிளெயாகா.
ருமேனிய மொழியில், போ.

அவள் ஏன் என்று கேட்கவில்லை.
விரிப்பைத் தரையில் போடாமல் மேசையில் வைத்தாள்.
ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.
பேருந்து நிறுத்தம்வரை போய்விட்டாள்.
அந்தச் சொல்லுக்குப் பழகிய கால்கள்.

என்கார்னா ரப்பர் செருப்போடு ஓடினாள்.
மூச்சிரைக்க, காற்றில்
ஒரு பெரிய விரிப்பை மடித்து மடித்துக் காட்டினாள்.
நிறுத்தத்தில் நின்றவர்கள்
ஏதோ வேண்டுதல் என்று ஒதுங்கினார்கள்.

இஸ்திரி எந்திரத்தருகே நிற்பவன் நான்,
அடெலினோ, போர்த்துக்கீசியன்.
அகராதி படிக்கிற கெட்ட பழக்கம் உண்டு.
அன்றிரவு தேடினேன்.
இரண்டும் ஒரே சொல்.
லத்தீனில் ப்ளிகாரே, மடிப்பது.
ஸ்பானியர் வந்து சேர்வதும் அதே சொல்லில்தான், யெகார்.
எங்களுக்கு ஷெகார்.
"ஷேகா!" என்று அம்மா கத்தினால் மட்டும்
போதும், நிறுத்து.

துறை கண்டதும் பாயை மடித்தார்கள் மாலுமிகள்,
அதனால் வருகை.
விடியலில் கூடாரத்தை மடித்தார்கள் படைவீரர்கள்,
அதனால் பிரிவு.
இப்படி ஊகிக்கிறார்கள்.
யார் கண்டது,
அகராதிக்காரர்கள் கூடாரத்தில் படுத்தவர்கள் இல்லை.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் சொன்னேன்.
என்கார்னா ஆலிவ் கொட்டையைத் துப்பிவிட்டு
"அப்போ நான் சரியாத்தான் சொன்னேன்" என்றாள்.
"நானும் சரியாத்தான் கேட்டேன்" என்றாள் வியோரிகா.
யாரும் சிரிக்கவில்லை.

மூன்று வருடமாயிற்று.
தினமும் எட்டு மணிக்கு என்கார்னாவின் குரல்: பிளெகெம்.
மடிப்போம். அதாவது, வேலை முடிந்தது.
வியோரிகாவுக்கு அது பிளெகம், கிளம்புவோம்.
இதில் மட்டும் தகராறே வந்ததில்லை.

இன்று அவள் மகன் வருகிறான்,
பகாவுவிலிருந்து இரண்டு இரவுகள் பேருந்தில்.
பெர்ப்பிஞானிலிருந்து தொலைபேசியில்
கற்றுவைத்த ஒற்றை ஸ்பானியச் சொல்லைச் சொன்னானாம்: யேகோ.
எட்டு வயதில் அவனிடம் அவள் கடைசியாகச் சொன்னது
பிளெக்.

கடைசி விரிப்பு.
இருவரும் எதிரெதிரே நடந்து வருகிறார்கள்.
முனையோடு முனை சேரும்போது
நான்கு கைகள் ஒரே இடத்தில்.
பிறகு ஒருத்தி பின்வாங்கவேண்டும்.
வியோரிகா பின்வாங்கவில்லை.
துணி நழுவி நடுவில் தொங்குகிறது.

மணி ஏழே முக்கால்தான்.
எந்திரத்தை நான் அணைத்துவிட்டேன்.
ஷேகா.