வடக்கின் கோடு

அன்டோஃபகாஸ்டாவில் மழை ஒரு வதந்தி.
மலையிலிருந்து குழாயில் வந்ததைக் குடித்தோம்.
ஆர்செனிக்குக்கு ருசி கிடையாது.

சுத்திகரிப்பு ஆலை திறந்த அன்று பாண்டு வாசித்தார்கள்.
என் தம்பி நோல்பெர்ட்டோ, ஏழு வயது,
முதல் தம்ளரைக் குடித்துவிட்டு
“அதே தண்ணிதான்” என்றான்.
எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்கப்புறமும் கோடு ஏறியது.
பதிவகத்தில் மரணங்களைப் பிரித்து எழுதுகிறவள் நான்:
நுரையீரல், சிறுநீர்ப்பை, மாகாணம், வயது.
தெற்கின் கோடு படுத்துக் கிடக்க
எங்களுடையது மட்டும்
நல்ல தண்ணீர் குடித்தபடியே
இருபது வருஷம் மேலே போனது.
கடன் அடைந்தது என்றிருந்தோம்;
வட்டிக்காரன் வாசலை மறக்கவில்லை.

நோல்பெர்ட்டோவின் படிவம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.
என் கையெழுத்திலேயே ஏற்றினேன்.
அந்த வருடத்துப் புள்ளி நூலிழை உயர்ந்தது.
இல்லை, உயரவில்லை.
ஓர் ஆளுக்கெல்லாம் உயராது.
பென்சிலைச் சீவினேன்.

இப்போது இறங்குகிறதாம்.
சாந்தியாகோவிலிருந்து வந்த மகரேனா
திரையில் அந்தச் சரிவை
விரலால் தடவிக் காட்டினாள்:
“அழகா இருக்கு, இல்ல?”

இருந்தது.

அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.
குடித்து முடிக்கும்வரை
பார்த்துக்கொண்டே நின்றேன்.